நிர்வாகி யார்?

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்கு, உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு பொட்டலம் அனுப்பப்படுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை பத்து மணி. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணிநேரம் திருப்பிவைத்துக்கொள்வதால் நமக்குப் பதினொன்றரை ஆகிவிடும். 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் கடைப்பிடித்துவரும் வழக்கம் இது. கணினித் துறையில் இதற்கு 'பேட்ச் டியூஸ்டே' என்று பெயர். இயங்குதளத்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைப்பதற்கான திருத்தங்கள் அந்தப் பொட்டலத்தில் இருக்கும்.

அந்த நேரத்தில் நம் வீடுகளில் பெண்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு, பாலுக்கு உறை ஊற்றிவிட்டு, சிலிண்டரை மூடிவிட்டு, பின்கதவுத் தாழ்ப்பாளை இன்னொருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் காலையில் வீடு வழக்கம்போல நடக்கும். அப்படி நடப்பதற்காக முந்தைய இரவில் ஒருத்தி சில வேலைகளைச் செய்திருக்கிறாள் என்பது யார் நினைவிலும் இருக்காது. கணினியின் அப்டேட்டும் அந்த வகை வேலைதான்.

தமிழ் படித்தவளுக்கு இந்த விஷயத்தில் என்ன அக்கறை என்று எங்கள் ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் பலர் ஆண்கள். தங்கள் கணினியில் ஏதாவது கோளாறு என்றால் கணினித் துறைப் பையனைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொள்கிறவர்கள் அவர்களும். ஆனாலும் 'உங்களுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்' என்ற கேள்வி என்னை நோக்கித்தான் வரும். என் பதில் எளிமையானது. இருபது வருடங்களாக நான் எழுதிய எல்லாமும், அச்சில் வந்ததும் வராததும், யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பதும் அந்த இயந்திரத்துக்குள்தான் இருக்கின்றன. அதன் கதவு எப்படிப் பூட்டப்படுகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

'பேட்ச்' என்றால் ஒட்டு. கிழிந்த துணியில் போடுகிற ஒட்டுதான். கணினி உலகத்துக்கு அந்தச் சொல் உவமையாக வரவில்லை. 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க் ஒன் என்ற கணினிக்கு, துளையிட்ட நீளமான காகித நாடாக்களில் கட்டளைகளை எழுதிக்கொடுத்தார்கள். ஓரிடத்தில் தவறாகத் துளை விழுந்துவிட்டால் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடிவிட்டு, சரியான இடத்தில் துளையிடுவார்கள். அப்படி ஒட்டுப்போட்ட நாடாக்களின் படங்களை இன்றும் பார்க்கலாம். அந்தக் கணினிக்கு முதன்முதலில் கட்டளைகள் எழுதியவர்களில் ஒருவர் கணிதப் பேராசிரியையாக இருந்து கடற்படையில் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர்.

என் அம்மா பள்ளிச் சீருடைகளுக்கு ஒட்டுப் போடுவார். அண்ணனின் கால்சட்டை முழங்காலில் கிழியும், என் பாவாடை கொக்கியோரத்தில் கிழியும். உள்பக்கமாக அதே நிறத் துணியை வைத்து, நூல் வெளியே தெரியாதபடி தைப்பார். நல்ல ஒட்டுக்கு அடையாளம் அது கண்ணில் படாமல் இருப்பதுதான். நன்றாகத் தைத்துவிட்டால் தைத்த கையும் சேர்ந்து மறைந்துவிடும். கிழிசல் வெளியே தெரிந்த அன்று மட்டும்தான் 'வீட்டுல அம்மா பாக்க மாட்டாங்களா' என்று பள்ளியில் கேட்பார்கள்.

2017 மார்ச் 14ஆம் தேதி விண்டோஸுக்கு வந்த ஒட்டுகளில் ஒன்று, கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியில் இருந்த ஓட்டையை அடைத்தது. அந்த ஓட்டை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு முன்பே தெரிந்திருந்தது. அதை மூடச் சொல்லாமல், அதன் வழியே நுழைவதற்கான கருவியைச் செய்து அவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கருவி வெளியே கசிந்தது. ஒட்டு வந்து 59 நாட்கள் கழித்து, மே 12ஆம் தேதி, 'வன்னாகிரை' என்ற நச்சுநிரல் அதே ஓட்டை வழியே புகுந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பூட்டப்பட்டன, திறப்பதற்குப் பணம் கேட்கப்பட்டது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் 236 மருத்துவ நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால், அங்கே பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒட்டுப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள். ஒட்டு கைக்கு வந்திருந்தது. தைப்பதற்கு ஆள் இல்லை, நேரம் ஒதுக்கவில்லை, அதை ஒரு வேலையாக யாரும் மதிக்கவில்லை.

அந்த 59 நாட்களுக்குள் அப்டேட் செய்துவிட்ட அலுவலகங்களும் மருத்துவமனைகளும் உலகெங்கும் இருந்தன. மே 12ஆம் தேதி அவற்றில் எதுவுமே நடக்கவில்லை. எதுவும் நடக்காததைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை. தன் வேலையின் வெற்றி 'எதுவும் நடக்கவில்லை' என்ற வடிவத்தில்தான் வரும் என்பதைப் பராமரிப்பு வேலை செய்யும் எல்லாப் பெண்களும் அறிவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வராத வாரத்துக்கு யார் பாராட்டுகிறார்கள்?

இதை ஒரு கலைஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே எடுத்துப் பேசினார். அமெரிக்கரான மியர்ல் லேடர்மன் யுகெலெஸ், குழந்தை பெற்ற பிறகு தன் நாளெல்லாம் துடைப்பதிலும் கழுவுவதிலும் போவதைக் கண்டு, 1969இல் 'பராமரிப்புக் கலை'க்கான அறிக்கை ஒன்றை எழுதினார். 1973இல் ஹார்ட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தின் படிகளைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுவதையே தன் கலைநிகழ்வாகச் செய்துகாட்டினார். புதியதை உண்டாக்குகிறவருக்குப் புகழ் கிடைக்கிறது, இருப்பதைக் கெடாமல் வைத்திருப்பவருக்குக் கூலிகூடச் சரியாகக் கிடைப்பதில்லை என்பது அவர் எழுப்பிய சிக்கல். மென்பொருள் உலகத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. புது வசதியை அறிவிக்க மேடை போடுகிறார்கள். ஓட்டையை அடைத்ததற்கு மேடை கிடையாது, எண்ணிட்ட ஒரு குறிப்பு மட்டும் வரும்.

ஓட்டைகளை அடைத்தவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக், விண்டோஸின் தீயரணை யாரும் கேட்காமலே இயங்கும்படி செய்தது. அதன் பாதுகாப்புப் பணியை முன்னின்று கவனித்தவர் விண்டோ ஸ்னைடர். பிறகு மொசில்லாவிலும் ஆப்பிளிலும் அதே வேலையைத் தொடர்ந்தார். 2013இல் மைக்ரோசாஃப்ட், ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பணம் தரத் தொடங்கியது. அந்தத் திட்டத்தை உள்ளிருந்து போராடிக் கொண்டுவந்தவர் கேட்டி மூசூரிஸ். நிறுவனத்தை விட்டு வெளியேறிய பின், சம்பளத்திலும் பதவி உயர்விலும் பெண்களிடம் பாகுபாடு காட்டப்படுகிறது என்று 2015இல் அதே நிறுவனத்தின் மீது அவர் வழக்குத் தொடர்ந்தார். நிறுவனம் அதை மறுத்தது. ஆயிரக்கணக்கான பெண் ஊழியர்களின் சார்பிலான குழு வழக்காக அதை ஏற்றுக்கொள்ள 2018இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. மென்பொருளின் ஓட்டையைச் சுட்டிக்காட்டினால் வெகுமதி தரலாம் என்று அந்த நிறுவனத்துக்குக் கற்றுத்தந்தவர், நிறுவனத்தின் ஓட்டையைச் சுட்டிக்காட்டியபோது நடந்தது இது.

*

அப்டேட் என்றாலே எரிச்சல் வருகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அகமதிப்பெண் ஏற்றவேண்டிய கடைசி நாளில், திரையில் நீலம் பரவி, 'கணினியை அணைக்காதீர்கள்' என்று எழுத்து வந்து, விழுக்காடு மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதை எல்லாத் துறைகளிலும் உண்டு. பாதுகாப்புக்காக வந்த அப்டேட்டே கணினியைச் சாய்த்துவிடுவதும் நடக்கிறது. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் முடங்கின. நம் விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். அடைக்க வந்த கையே உடைக்கவும் முடியும் என்பதால் அப்டேட்டை வேண்டாமென்று வைப்பவர்களின் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தைச் சாக்காக்கி, நம்மைக் கேட்காமலே நமக்காக முடிவெடுப்பவர்கள் வேறு ரகம்.

சில வருடங்களுக்கு முன் என் மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது, கடைக்காரர் விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டிருந்தார். என்ன பதிப்பு, உரிமம் உள்ளதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை வராது மேடம். அப்டேட்டையும் ஆஃப் பண்ணிட்டேன். இனிமே தொந்தரவே இருக்காது" என்றார். அது என் நன்மைக்காகச் செய்ததென்றே அவர் உண்மையாக நம்பினார். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவன் தன் கணினிக்காக நின்றிருந்தான். அவனிடம் மட்டும், "தம்பி, அப்டேட் ஆன்ல வைக்கட்டா, ஆஃப்ல வைக்கட்டா?" என்று கேட்டார். நான் அப்போதே அவரிடம் உரிமம் உள்ள பதிப்பைப் போட்டு, அப்டேட்டை இயக்கிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதற்கு இன்னொரு நாள் அலைய வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து என் பழைய கட்டுரைகளைத் திறந்தால் எழுத்தின் முகம் மாறியிருந்தது, பக்கங்கள் தள்ளிப்போயிருந்தன. காரணத்தைத் தேடியபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. விண்டோஸில் தமிழுக்காக வந்த எழுத்துருக்களின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? விண்டோஸ் 2000இல் வந்தது லதா. விண்டோஸ் 7இல் வந்தது விஜயா. விண்டோஸ் 8இல் வந்தது நிர்மலா. மூன்று பெண் பெயர்கள். விண்டோஸ் 10இல் லதாவையும் விஜயாவையும் கூடுதல் எழுத்துருக்கள் என்ற பட்டியலுக்கு நகர்த்திவிட்டார்கள். வேண்டுமென்றால் நாமே போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிர்மலா மட்டும் வீட்டிலேயே இருக்கிறாள். அவள் தமிழை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றையும் ஒருத்தியே சுமக்கிறாள். இதைச் சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள். கூட்டுக் குடும்பத்தில் கடைசியில் மிஞ்சுகிற மருமகளை எல்லோருக்கும் தெரியும்.

லதாவைத் தேடிச் சேர்த்துக்கொண்டேன். கட்டுரைகள் பழைய பக்கத்துக்குத் திரும்பின. யூனிகோடுக்கு முன்னால் எழுதியவற்றுக்கு அந்த வழியும் இல்லை. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். இயங்குதளம் மாறும்போது நாம் இழக்கக்கூடியவை என்னென்ன என்று அன்றைக்கு ஒரு பட்டியல் போட்டேன். பாதுகாப்பு என்பது திருடர்களைப் பற்றியது மட்டும் என்று அதன்பின் நான் நினைக்கவில்லை.

*

பாதுகாப்புத் திருத்தங்களை எழுதுகிறவர்கள் மனத்தில் ஒரு எதிரியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். அந்த எதிரி பெரும்பாலும் தொலைவில் இருப்பவன். முகம் தெரியாதவன், இணையம் வழியே வருகிறவன், நிரல் எழுதத் தெரிந்தவன். அவனுக்கு எதிராகக் கட்டப்பட்ட மதில் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் மதிலுக்கு உள்ளே, அதே கட்டிலில் உட்கார்ந்து, நம் விரல் எந்த எண்களை அழுத்துகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறவனை என்ன செய்வது?

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கில் உள்ள கார்னெல் டெக்கைச் சேர்ந்த டயானா ஃப்ரீட், நிக்கோலா டெல் உள்ளிட்டோர், இணையர் வன்முறையிலிருந்து தப்பிய பெண்களிடமும் அவர்களுக்கு உதவும் பணியாளர்களிடமும் பேசி, 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். துன்புறுத்துகிறவன் பெரும்பாலும் எந்த ஓட்டையையும் உடைத்து நுழைவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். அவனுக்குக் கடவுச்சொல் தெரியும், அல்லது ஊகிக்க முடியும். கணினியையோ கைபேசியையோ அவனே வாங்கித்தந்திருப்பான், அவன் பெயரிலேயே கணக்கு இருக்கும், அல்லது அதட்டிக் கேட்டு வாங்கியிருப்பான். எல்லோரும் பார்க்கிற அதே திரை வழியேதான் அவன் நுழைகிறான். எந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒட்டும் அவனைத் தடுக்காது. ஏனென்றால் கணினியின் பார்வையில் அவன் திருடனே அல்ல, சாவி வைத்திருக்கும் வீட்டுக்காரன்.

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'ரீகால்' என்றொரு வசதியை அறிவித்தது. புதுவகைக் கணினிகளில், சில வினாடிகளுக்கொருமுறை திரையைப் படமெடுத்துச் சேமித்துவைக்கும். என்றோ பார்த்ததைப் பிறகு தேடி எடுக்கலாம். மறதிக்கு மருந்து என்று சொன்னார்கள். அறிவித்த சில நாட்களிலேயே எதிர்ப்பு கிளம்பியது. பாதுகாப்பு வல்லுநர்கள் அந்தச் சேமிப்பு எவ்வளவு எளிதாகத் திருடப்படக்கூடியது என்று காட்டினார்கள். வன்முறை நிறைந்த வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இது என்ன செய்யும் என்ற கேள்வியும் எழுந்தது. அவள் வழக்கறிஞருக்கு எழுதிய கடிதம், தேடிப் பார்த்த பேருந்து நேரம், தோழியிடம் சொன்ன ஒரு வரி எல்லாம் படம்படமாக இருக்கும், அந்தக் கணினியைத் திறக்கத் தெரிந்தவனுக்கும் கிடைக்கும். நிறுவனம் ஜூனில் பின்வாங்கியது. அடையாளச் சரிபார்ப்பைச் சேர்த்து, பயன்படுத்துகிறவர் விரும்பினால் மட்டுமே இயங்கும்படி மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டது. ஒரு கணவனோ தகப்பனோ பக்கத்தில் நின்று 'ஆன் பண்ணு' என்று சொல்லும்போது 'விரும்பினால்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும் என்பது மென்பொருளில் தீர்கிற சிக்கல் இல்லை.

விண்டோஸில் கணக்குகள் இரண்டு வகை. ஒன்று நிர்வாகி, மற்றது சாதாரணப் பயனர். நிர்வாகி எந்த மென்பொருளையும் நிறுவலாம், நீக்கலாம். அந்தக் கணினியிலேயே உருவாக்கிய மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றலாம். மற்றவர்களின் கோப்புறைகளுக்குள் போகலாம். சாதாரணப் பயனர் பெரிய காரியம் எதைச் செய்வதென்றாலும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். இதை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவி, "எங்க வீடு மாதிரியே இருக்கு மேம்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அன்று பாடம் நடத்த வேறெதுவும் தேவைப்படவில்லை.

*

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. 2015 ஜூலையில் அது வருவதற்கு முன்பே, இதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மேடையிலேயே சொன்னார். பத்தாண்டுகளில் அதற்கும் முடிவு வந்துவிட்டது. கணினி தொடர்ந்து ஓடும், ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பொட்டலம் வராது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அதற்குப் பாதுகாப்புக்கான ஒரு சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். ஏறக்குறைய 2017க்கு முந்தைய கணினிகளுக்கு முறைப்படி அந்தக் கதவு மூடியாகிவிட்டது. வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதலாக ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, ஒட்டுகள் பெற வழி வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்துக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர்.

பழைய கணினி யாரிடம் இருக்கிறது? இதற்குப் புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை, எங்கள் கல்லூரி மர நிழலில் உட்கார்ந்து பார்த்தால் போதும். அண்ணன் பொறியியல் சேர்ந்தபோது வாங்கியது, அவன் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கிக்கொண்டதும் தங்கைக்கு வந்திருக்கும். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் யாரோ ஒரு அக்காவுக்குக் கிடைத்தது, கீலில் டேப் ஒட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். சட்டையிலிருந்து சைக்கிள் வரைக்கும் இறங்கிவந்த வழியில்தான் கணினியும் இறங்கிவருகிறது. அதனால் ஒட்டு நின்றுபோகும்போது அதிகம் திறந்துகிடப்பது பெண்பிள்ளைகளின் கணினி.

அந்த அக்டோபரில் ஆய்வு மாணவி ஒருத்தி மடிக்கணினியை அணைத்துக்கொண்டு வந்தாள். "மேம், சப்போர்ட் முடிஞ்சிருச்சுன்னு வருது. இதுல இனிமே தீசிஸ் எழுதக் கூடாதா?" கணினியைத் திறந்ததும் வரவேற்புத் திரையில் ஒரு ஆண் பெயர் வந்தது. அவள் அண்ணன் பெயர். எம்.ஏ. முதலாண்டிலிருந்து ஐந்து வருடமாக அந்தப் பெயரின் கீழ்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கடவுச்சொல் அவன் வைத்தது. அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் கணினியைத் திறந்து 'என்னென்ன வச்சிருக்கான்னு' பார்ப்பான். இதைச் சொல்லும்போது அவள் குரலில் புகார் எதுவும் இல்லை. அவளுடைய ஆய்வு, நாட்டுப்புறப் பாடல்களில் பெண்கள் தங்கள் கணவன்மார் பற்றிப் பாடும் வசைகள் குறித்தது. பாடிய பெண்களின் குரல்பதிவுகள் அந்தக் கணினியில் இருந்தன. பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பதிவுகள். அவளுடைய அண்ணனுக்கு அந்த ஊர்களில் பாதிப்பேரைத் தெரியும்.

ஓராண்டு நீட்டிப்பை எடுத்துக்கொள்ளலாம்தான். அதற்கும் அண்ணனின் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். கணினித் துறையில் எனக்கு ஒரு தோழி இருக்கிறார். மூவரும் சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி வன்வட்டில் நகல் எடுத்தோம். பிறகு லினக்ஸ் மின்ட் போட்டோம். பழைய கணினியிலும் ஓடும், விலை கிடையாது, ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பைச் சேர்த்தோம். லதா அங்கே கிடையாது, யூனிகோடு என்பதால் எழுத்து உடையவில்லை, பக்கம் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது.

நிறுவும்போது நடுவில் ஒரு திரை வரும். உங்கள் பெயர் என்ன, கணினிக்கு என்ன பெயர், கடவுச்சொல் என்ன என்று கேட்கும். தோழி விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நானும் எழுந்துகொண்டேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். பெயரை அடிப்பதற்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. வன்வட்டை முழுவதும் மறையாக்கம் செய்யும் விருப்பத்தையும் தேர்ந்தெடுத்தாள். கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் மீட்க முடியாது என்று தோழி இரண்டுமுறை எச்சரித்தார். "யாராலயும்னா, யாராலயும்மா மேம்?" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த வாரம் வந்து சொன்னாள்: "வீட்ல கேட்டாங்க மேம். எதுக்கு பாஸ்வேர்டு, மறைக்கிற மாதிரி என்ன இருக்குன்னு." ஆய்வுக்கூடத்து விதி, பதிவுகளைப் பூட்டித்தான் வைக்க வேண்டுமாம் என்று பதில் சொல்லியிருக்கிறாள். அது உண்மையும்கூட. தகவலாளிகளின் அடையாளத்தைக் காப்பது ஆய்வு நெறி. ஆனால் தனக்காகப் பூட்டியதாகச் சொல்ல முடியாமல், பாட்டுப் பாடிய அந்தப் பெண்களுக்காகப் பூட்டியதாகத்தான் சொல்ல முடிந்திருக்கிறது என்பதை நானும் கவனித்தேன், அவளும் கவனித்திருப்பாள். அண்ணன் இரண்டு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பதிவுகள் பத்திரமாக இருக்கின்றன. இரண்டும் உண்மை.

*

இதைப் படிக்கும் மாணவிகளுக்குச் சில காரியங்கள் சொல்ல வேண்டும். அப்டேட்டை நிறுத்திவைக்காதீர்கள். வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாமலிருக்க, 'செயல்படும் நேரம்' எது என்று அமைப்புகளில் குறித்துக்கொள்ள முடியும். உங்களுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். கணினி உங்களுடையது என்றால் நிர்வாகியும் நீங்களாக இருங்கள், அன்றாட எழுத்துக்கு ஒரு சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற கணினியைப் பழசு என்று யாராவது தூக்கிப்போடச் சொன்னால், லினக்ஸ் தெரிந்த ஒரு தோழியைத் தேடுங்கள். முக்கியமானவற்றுக்கு வீட்டுக்கு வெளியேயும் ஒரு நகல் இருக்கட்டும்.

வீட்டில் வன்முறை இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். திடீரென்று கடவுச்சொல்லை மாற்றுவதும் கண்காணிப்புச் செயலியை நீக்குவதும் அவனுக்கு உடனே தெரிந்துவிடும், ஆபத்தை அதிகமாக்கலாம். இந்தத் துறையில் உதவுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். அவன் தொடாத வேறொரு கருவியிலிருந்து, ஒரு தோழியின் கைபேசியிலிருந்தோ கல்லூரிக் கணினியிலிருந்தோ, உதவி தேடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. இணையவழிக் குற்றங்களுக்கு 1930. பூட்டை மாற்றுவதற்கு முன்னால் போய் நிற்க ஒரு இடம் வேண்டும்.

மென்பொருள் எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. தொலைவில் இருக்கும் எதிரிக்காக மாதந்தோறும் இவ்வளவு உழைக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவனையும் ஒருமுறை வரைந்து பாருங்கள். 2019இல் தொடங்கிய கண்காணிப்புச் செயலிகளுக்கு எதிரான கூட்டமைப்பு, மின்னணு எல்லை அறக்கட்டளையின் ஈவா கல்பெரின் போன்றவர்களின் முயற்சியால், அத்தகைய செயலிகளை நச்சுநிரலாகவே கருதும்படி பாதுகாப்பு நிறுவனங்களை வலியுறுத்திவருகிறது. அதற்கு முன்பு பல நிறுவனங்கள் அவற்றைக் கண்டும் காணாமல் இருந்தன. காரணம், அதை நிறுவியவன் 'கணினியின் சொந்தக்காரன்'. சொந்தக்காரன் என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஓட்டை, எண்ணிட்ட எந்தக் குறிப்பிலும் இடம்பெற்றதில்லை. அதை ஓட்டை என்று பெயர் சொல்லி அழைக்கவே பெண்கள் பேச வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டுக் கணினியை இன்று திறக்கும்போது வரவேற்புத் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். அமைப்புகளுக்குள் போய், கணக்குகள் என்ற பக்கத்தில், அந்தப் பெயருக்குக் கீழே 'நிர்வாகி' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரையும் கேட்காமல் பார்க்கலாம். பார்ப்பதற்குக் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை.